கருப்பை அகற்றலுக்குப் பின் ஒழுகும் சிறுநீர்: ஒரு வார்டின் நினைவுகள்

பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் கருப்பையும் சிறுநீர்ப்பாதையும் ஒன்றையொன்று ஒட்டியே அமைந்துள்ளன. முன்புறத்தில் சிறுநீர்ப்பை கருப்பைக் கழுத்தின்மீதும் யோனியின் மேற்பகுதிமீதும் படிந்திருக்கிறது. இருபக்கங்களிலும் சிறுநீரகங்களிலிருந்து இறங்கிவரும் சிறுநீர்நாளங்கள், அதாவது மருத்துவர்கள் யூரிட்டர் என்று குறிப்பிடும் 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள மெல்லிய தசைக்குழாய்கள், கருப்பைக் கழுத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு செ.மீ. தொலைவில் வளைந்து சென்று சிறுநீர்ப்பையை அடைகின்றன. அவ்விடத்தில் கருப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி, வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் பாலத்தைப் போல, சிறுநீர்நாளத்தின் மேலாகக் கடந்து செல்கிறது. கருப்பையை அகற்ற வேண்டுமானால் அந்தத் தமனியைக் கவ்விப் பிடித்துக் கட்டி அறுத்தே தீரவேண்டும் என்பதால், அடியில் ஓடும் நாளம் கவ்வியில் சிக்கவோ, தையலுக்குள் அகப்படவோ, மின்சாரக் கருவியின் சூட்டில் வெந்துபோகவோ வாய்ப்புண்டு. இத்தகைய காயம் கைதேர்ந்த அறுவை மருத்துவரின் கையிலும் நேரக்கூடியது. இரத்தக்கசிவு மிகுந்த நேரத்திலும், கட்டிகளாலும் பழைய அழற்சியாலும் உறுப்புகள் ஒட்டிக்கிடக்கும் வயிற்றிலும் அதற்கான வாய்ப்பு மேலும் கூடுகிறது.

இக்கட்டுரையாளர் 1980களின் பிற்பகுதியில் தென் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகவியல் பிரிவில் பயிற்சி பெற்ற காலத்தில், இந்தக் காயங்களைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில்களில் காண நேர்ந்தது. அக்கட்டில்கள் கழிப்பறைக்கு அருகில் இருந்தன. அவற்றின்மேல் ரப்பர் விரிப்பும், அதன்மேல் மடித்த பழம்புடவையும் போடப்பட்டிருந்தன. எத்தனை முறை ஃபினைல் தெளித்துத் துடைத்தாலும் அப்பகுதியில் சிறுநீரின் வாடை தங்கியே இருந்தது. மற்ற நோயாளிகளின் உறவினர்கள் அந்த வரிசைக்கு எதிர்ப்புறமாகத் திரும்பி அமர்ந்து உணவு உண்பதும், அதைக் கண்ட அப்பெண்கள் தங்கள் உணவைப் பிறர் உண்டு முடித்த பின்னரே பிரிப்பதும் அன்றாடக் காட்சிகளாக இருந்தன. துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் தம் காலைச் சுற்றை எப்போதும் அந்தக் கடைசிக் கட்டிலிலிருந்தே தொடங்குவார். அதற்கு அவர் காரணம் எதுவும் சொன்னதில்லை என்றாலும், சில வாரங்களில் பயிற்சி மருத்துவர்கள் அனைவரும் அவ்வரிசையில் மூக்கைச் சுளிக்காமல் நிற்கப் பழகிவிட்டார்கள்.

அங்கு வந்த பெண்களுள் சிலர் நீண்டநேரம் தடைப்பட்ட பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்தவர்கள். மருத்துவத்தில் ஃபிஸ்டுலா எனவும் தமிழில் புரைவழி எனவும் வழங்கும் இத்துளை, குழந்தையின் தலை பல மணி நேரம் ஓரிடத்தில் அழுத்துவதால் திசு செத்து உதிர்ந்து உண்டாவது. மருத்துவமனைப் பிரசவம் பரவப் பரவ அவ்வகை குறைந்துவர, கருப்பை அகற்றும் அறுவையில் ஏற்பட்ட காயத்தோடு வருபவர்கள் அந்த இடத்தை நிரப்பத் தொடங்கிய மாற்றம் கட்டுரையாளரின் கண்முன்னரே நிகழ்ந்தது. வளமான நாடுகளில் சிறுநீர்ப்பைப் புரைவழிக்கு முதற்காரணமாக இருப்பதும் இந்த அறுவைதான்.

இவர்களுள் தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த, நாற்பது வயதைக் கடந்த, பீடி சுற்றும் தொழிலாளியான ஒரு பெண்ணின் நினைவு கட்டுரையாளரிடம் மற்றவற்றைவிடத் தெளிவாக நிற்கிறது. அதிக உதிரப்போக்குக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் கருப்பை எடுக்கப்பட்டு, தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட சில நாட்களில், ஏறக்குறைய அறுவையின் பத்தாம் நாளில், அவருக்கு உள்ளாடை இடைவிடாமல் நனையத் தொடங்கியது. அறுவை செய்த இடத்தில் அதை வெள்ளைப்படுதல் என்றும், உள்தையல் ஆறும்போது கசியும் நீர் என்றும் கூறி, மாத்திரை கொடுத்து இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். பேராசிரியர் அருகில் அமர்ந்து, "என்ன செய்யுது, சொல்லுங்கம்மா" என்று கேட்டபோது, "இது வெள்ளை இல்ல சார், தண்ணி. நான் போகாமலே அது பாட்டுக்கு வருது. ஆனா ஒண்ணுக்கும் போகத்தான் செய்யுது" என்று அவர் விடையளித்தார்.

நோயறிதலின் பெரும்பகுதி அந்த விடைக்குள்ளேயே அடங்கியிருந்தது. சிறுநீர்ப்பையில் பெருந்துளை இருந்தால் அதில் சேரும் சிறுநீர் முழுவதும் வெளியே வழிந்துவிடுவதால், அப்பெண் வழக்கமாகச் சிறுநீர் கழிப்பது குறைந்துபோகும் அல்லது நின்றுவிடும். மாறாக ஒரு பக்கத்துச் சிறுநீர்நாளம் மட்டும் அறுபட்டு யோனிக்குள் திறந்துகொண்டிருந்தால், அந்தச் சிறுநீரகத்தின் நீர் ஓயாமல் ஒழுக, மறுபக்கச் சிறுநீரகம் பையை நிரப்பிக்கொண்டே இருப்பதால், அவர் ஒழுக்கோடு இயல்பாகவும் சிறுநீர் கழிப்பார். சிறுநீர்ப்பையின் துளை மிகச் சிறியதாக இருந்தாலும் இரண்டும் சேர்ந்து நிகழக்கூடும் என்பதால் இவ்வேறுபாட்டை மட்டும் நம்பி அறுவைக்குப் போக முடியாது. ஆயினும் அடுத்து எங்கே தேடவேண்டும் என்பதை அது காட்டிவிடுகிறது. நோயாளியின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்பது கருணையின் பாற்பட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். இந்த நோயில் அது சோதனைகளுள் முதல் சோதனை என்பதே கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

அதன்பின் செய்யப்பட்டது, பெருஞ்செலவில்லாத மூன்று பஞ்சுச் சோதனை. யோனிக்குள் மேலிருந்து கீழாக மூன்று பஞ்சுத் திரிகளை வைத்து, சிறுநீர்ப்பைக்குள் ரப்பர் குழாய் வழியே மெத்திலீன் நீலம் என்னும் சாயம் கலந்த நீரைச் செலுத்தி, அவரைச் சற்று நடக்கவிட்டுப் பின்னர் பஞ்சுகளை எடுத்துப் பார்ப்பார்கள். மேல் பஞ்சோ நடுப் பஞ்சோ நீலமானால் துளை சிறுநீர்ப்பையில் இருக்கிறது. கடைசிப் பஞ்சு மட்டும் நீலமானால் சாயம் சிறுநீர்த்தாரை வழியே கசிந்திருக்கலாம். மேல் பஞ்சு நனைந்தும் நிறம் மாறாமலிருந்தால், அந்த ஈரம் பையைச் சேராமலேயே வந்தது, அதாவது காயம் சிறுநீர்நாளத்தில் என்று பொருள். பீடித் தொழிலாளியின் மேல் பஞ்சு ஈரமாகவும் வெண்மையாகவும் வெளியே வந்தது. மறுநாள் எடுத்த ஐ.வி.பி. படம், அதாவது சிரையில் செலுத்திய மருந்து சிறுநீரகங்கள் வழியே வடிவதைத் தொடர்ந்து எடுக்கும் எக்ஸ்ரே படம், இடப்பக்க நாளம் வீங்கி, இடுப்புக்குள் இறங்கிய சிறிது தொலைவில் மருந்து சிதறி நிற்பதைக் காட்டியது. இன்று ஐ.வி.பி.யின் இடத்தை சி.டி. யூரோகிராம் பிடித்துக்கொண்டுவிட்டது, வடிகுழாயில் சேரும் நீர் சிறுநீர்தானா என்ற ஐயம் எழும்போது, அதிலுள்ள கிரியாட்டினின் அளவை இரத்தத்திலுள்ள அளவோடு ஒப்பிட்டு உறுதி செய்யவும் முடிகிறது. பஞ்சுச் சோதனை மட்டும் இன்னும் வழக்கொழியவில்லை.

ஒழுகுவது கொடுமையானதுதான், ஆனால் ஒழுகாமல் இருப்பது அதைவிட ஆபத்தாகும் நிலையும் உண்டு. சிறுநீர்நாளம் அறுபடாமல் தையலுக்குள் முழுவதுமாகக் கட்டப்பட்டுவிட்டால், மேலுள்ள சிறுநீரகம் தேங்கிய நீரின் அழுத்தத்தால் வீங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் செயலிழந்துவிடும். மறுபக்கச் சிறுநீரகம் நலமாக இருப்பதால் வெளியேறும் சிறுநீரின் அளவு குறைவதில்லை. விலாப்புறத்தில் ஒரு மந்தமான வலியும் அவ்வப்போது காய்ச்சலும் வந்தால் உண்டு, அதுவும் வராமலும் போகலாம். அறுவை முடிந்து பல மாதங்கள் கழித்து, வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் வெறும் நீர்ப்பையாகக் காணப்பட்டு அப்பிரிவுக்கு அனுப்பப்பட்ட பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்வதற்கு அப்போது அதிகம் எஞ்சியிருக்கவில்லை.

காயம் தெரிந்தவுடன் ஏன் சரிசெய்யவில்லை என்று பீடி சுற்றும் அப்பெண்ணின் நாத்தனார் கேட்டது நியாயமான கேள்வி. அக்காலத்து வழக்கப்படி, அறுவைக்குப் பின் திசுக்கள் வீங்கி, எளிதில் கிழியும் நிலையில் இருப்பதால், அந்த அழற்சி அடங்கும்வரை மூன்று மாதங்களேனும் காத்திருக்கவேண்டும் என்பது பெரும்பாலோர் பின்பற்றிய விதி. மருத்துவருக்கு அது ஒரு கால அட்டவணை. அப்பெண்ணுக்கோ அது முழு வாழ்க்கை. பீடி இலையும் தூளும் வாங்க ஏஜெண்டிடம் போவதை நிறுத்தி, மகளை அனுப்பினார். வீட்டில் சாக்குப்பையின்மேல் அமர்ந்து முறத்தை மடியில் வைத்துச் சுற்றினார். பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் நின்றே பயணம் செய்தார். கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவதை விட்டார். ஒழுக்கைக் குறைக்க எண்ணித் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். அடர்ந்த சிறுநீர் தொடைத் தோலை மேலும் அரித்துப் புண்ணாக்கும் என்பதும், நிறையத் தண்ணீர் குடித்து, தோலைக் கழுவி உலர்த்தி, துத்தநாகக் களிம்போ வாஸ்லினோ தடவிக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்கு வார்டுச் செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த மூன்று மாத விதி இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. அறுவை மேசையிலேயே காயம் கண்ணில் பட்டால் அப்போதே தைத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. சிறுநீர்ப்பைக் கிழிசல் என்றால் கரையும் நூலால் இரண்டு அடுக்காகத் தைத்து, ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வடிகுழாய் வைத்தால் அநேகமாக முழுவதும் ஆறிவிடும். பல பெண்கள் அப்படி ஒரு காயம் நேர்ந்ததன் சுவடே இல்லாமல் வாழ்கிறார்கள். சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ தெரியவந்தாலும், சீழும் கடுமையான தொற்றும் இல்லாத நிலையில் தாமதிக்காமல் சரிசெய்வதை இன்றைய மருத்துவம் ஏற்கிறது. சிறுநீர்நாளம் முழுதும் அறுபடாமல் ஓரளவு தொடர்ச்சி எஞ்சியிருந்தால், உள்நோக்குக் கருவி வழியே டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி வைத்தாலே சிலருக்குத் துளை தானாக மூடிவிடுகிறது. இரு முனைகளும் ஆங்கில ஜே எழுத்தின் வடிவில் சுருண்டு, மேலே சிறுநீரகத்திலும் கீழே பையிலும் கொளுவி நிற்கும் இந்தக் குழாய் 1978இல் மருத்துவ ஏடுகளில் அறிமுகமானது. ஸ்டென்ட் ஏற முடியாதபோது, முதுகுப்புறத்திலிருந்து சிறுநீரகத்துக்குள் நேராக ஒரு வடிகுழாயை இறக்கி, சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, பிறகு நிதானமாக அறுவைக்குத் திட்டமிடலாம். உள்ளே வைத்த ஸ்டென்ட்டைக் குறித்த காலத்தில் எடுத்தாகவேண்டும் என்பதை மட்டும் நோயாளியும் குடும்பமும் மறந்துவிடக்கூடாது. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்த ஸ்டென்ட்கள் கல்படிந்து சிறுநீரகத்தையே அழித்ததை இத்துறையில் பணிபுரிந்த எவரும் கண்டிருப்பர்.

இவ்வளவு வழிகள் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு சான்று உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்னும் அறுவை மருத்துவரிடம், சூலகக் கட்டியோடு கருப்பையும் அகற்றப்பட்டபோது சிறுநீர்நாளம் காயமுற்ற பெண் ஒருவர் ஓயாத ஒழுக்கோடு இருந்தார். துளையை மூடச் செய்த முயற்சிகள் பலிக்காமல் போகவே, ஒரு சிறுநீரகத்தோடு உயிர்வாழ முடியுமா என்பதை நாய்களிடம் சோதித்தறிந்த பின்னர், 1869 ஆகஸ்ட் 2ஆம் நாள் சைமன் அப்பெண்ணின் காயமுற்ற பக்கத்துச் சிறுநீரகத்தையே அகற்றினார், அவர் பிழைத்தார். திட்டமிட்டுச் செய்து வெற்றிபெற்ற முதல் சிறுநீரக அகற்றல் என வரலாறு குறிக்கும் அந்த அறுவை, கருப்பையோடு சேர்ந்த ஓர் அறுவையில் நேர்ந்த காயத்திலிருந்தே பிறந்தது. அதற்கும் முன்னர், 1845 முதல் 1849 வரை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்காமரியில் மரியன் சிம்ஸ் என்பவர் சிறுநீர்ப்பைப் புரைவழியை வெள்ளிக் கம்பியால் தைக்கும் முறையை உருவாக்கியது, அனார்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் உடல்களில் மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுத்துத்தான். இத்துறையில் கத்தி எடுக்கும் ஒவ்வொருவரும் அப்பெண்களுக்குக் கடன்பட்டவர்கள்; சிம்ஸின் பெயரைக் கருவிகளில் சுமக்கும் அறுவை அரங்குகளில் அவர்களின் பெயர்களும் சொல்லித் தரப்பட வேண்டும்.

பீடித் தொழிலாளிப் பெண்ணின் காயம் சிறுநீர்ப்பைக்கு அருகிலேயே, நாளத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தது. கருப்பை அறுவையில் நேரும் நாளக் காயங்களுள் பெரும்பாலானவை அங்கேதான் நேர்கின்றன. அவ்விடத்தில் சிதைந்த நுனிகளை ஒட்டித் தைப்பதைவிட, நலமாக உள்ள மேல்நுனியைக் கொண்டுவந்து சிறுநீர்ப்பையின் வேறோர் இடத்தில் புதிதாகப் பதிப்பதே நிலைத்த பலன் தரும் என்பதால், அவருக்கும் அந்த மறுபதிப்பு அறுவைதான் முடிவாயிற்று. நாளம் எட்டாமல் இழுபட்டால் தையல் விட்டுப்போகும். எனவே பேராசிரியர் சிறுநீர்ப்பையை மேலே உயர்த்தி, முதுகெலும்பை ஒட்டி இறங்கும் சோயஸ் என்னும் தசையோடு சேர்த்துத் தைத்து, நாளம் தளர்வாக வந்து சேரும்படி செய்தார். தூரம் இன்னும் மிகுதியாக இருந்தால் பையின் சுவரிலிருந்தே ஒரு பட்டையை அறுத்துக் குழாயாகச் சுருட்டி நீட்டும் முறையும் உண்டு. 1894இல் அதை விவரித்த இத்தாலியரான போவாரியின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. பையில் துளை விழுந்தவர்களுக்கோ, துளையை மூடியபின் இரண்டு தையல் வரிசைகளுக்கும் நடுவே இரத்த ஓட்டமுள்ள கொழுப்புத் திசுவை இடையிடுவது பலன் தரும். புற உதட்டிலிருந்து அக்கொழுப்பை எடுக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் மார்ட்டியுஸ் 1928இல் விவரித்தார்.

அறுவை அரங்கில் பெற்ற வெற்றியை வார்டில் காப்பாற்றியவர்கள் செவிலியர்கள் என்பதைச் சொல்லாமல் இந்நினைவுகள் நிறைவு பெறா. இத்தகைய தையலுக்கு முதல் பகை, அடைபட்ட வடிகுழாய். ஒரு சிறு இரத்தக்கட்டி குழாயை அடைத்தாலோ, நோயாளி புரண்டு படுக்கும்போது குழாய் மடங்கினாலோ, சிறுநீர்ப்பை ஊதிப் பெருத்துப் புதுத் தையல் பிரிந்துவிடும். இரவுப் பணியிலிருந்த மூத்த செவிலியர் ஒருவர் கடைசி வரிசைக் கட்டில்களுக்கு மணிக்கொரு முறை கைவிளக்கோடு வந்து, குழாயைத் தொட்டுப் பார்த்து, அதன் முனையிலுள்ள சேகரிப்புப் பையில் சேர்ந்த அளவை எழுதி வைப்பார். துணைக்கு இருந்த நாத்தனாருக்கும் அதைக் கற்றுக்கொடுத்து, "பைல சொட்டு விழறது நின்னா என்னைய எழுப்புங்க, டாக்டருக்குக் காத்திருக்காதீங்க" என்று சொல்லி வைத்திருந்தார். வடிகுழாயும், அதன்பின் ஸ்டென்ட்டும் எடுக்கப்பட்டு, உலர்ந்த புடவையோடு வீடு திரும்பிய அப்பெண், அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் ஊர்க் கோயில் கொடைக்குச் சென்றுவந்ததாக வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து சொல்லிச் சென்றார்.

அவருடைய ஒரே ஒரு கேள்விக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. முதல் அறுவையில் தமக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டபோது, அறுவைக் குறிப்போ முழுமையான டிஸ்சார்ஜ் சீட்டோ அவர் கையில் இல்லை. அறுவை செய்த இடத்திலிருந்து எவரும் அவரிடம் பேசவும் இல்லை. காயம் நேர்ந்ததற்காக ஒரு மருத்துவரைக் குற்றவாளியாக நிறுத்துவது பெரும்பாலும் சரியன்று. ஆனால் நேர்ந்ததை மறைப்பதும், நனைகிறது என்று சொல்பவரை நம்பாமல் அனுப்புவதும், உரிய பிரிவுக்கு எழுதி அனுப்பாமல் நாட்களைக் கடத்துவதும் பிழைகளே. அவற்றுக்குச் சமாதானம் கிடையாது.

தவிர்க்கக்கூடிய காயமும் உண்டு. அது, தேவையில்லாத அறுவையில் நேரும் காயம். 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு மூவருக்கும் சற்றுக் கூடுதலானோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்று கண்டது; ஆந்திரத்தில் அது ஏறத்தாழ ஒன்பது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பெருமளவில் கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் நாட்டை அதிரவைத்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டதாகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் ஏற்கவேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. 2019–21ஆம் ஆண்டின் அதே ஆய்வின்படி இம்மாநிலப் பிரசவங்களுள் 44.9 விழுக்காடு சிசேரியன் அறுவைகள்; சிசேரியன் தழும்பில் சிறுநீர்ப்பை கருப்பையோடு ஒட்டிக்கொள்வதால், அப்பெண்களுக்குப் பிற்காலத்தில் கருப்பை அகற்றும்போது பை கிழிபடும் வாய்ப்பு கூடுகிறது. உதிரப்போக்குக்கு மாத்திரைகளும், ஹார்மோன் பொதிந்த கருப்பைச் சாதனமும் இருக்கையில், புற்றுநோய் ஐயமில்லாத பெண்ணுக்கு அறுவை என்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும்.

எனவே கருப்பை அகற்றிக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணும், அவருடைய குடும்பமும், அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் ஒரு மாதத்துக்குள் அடக்கமுடியாத நனைவோ, விலாவலியோ, காய்ச்சலோ, வயிற்று உப்பலோ தோன்றினால், அது வெள்ளைப்படுதல் என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், இரு சிறுநீரகங்களுக்கும் ஸ்கேன் எடுக்கும்படி வற்புறுத்தி, சிறுநீரகவியல் மருத்துவரை அந்த வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.